இலைகளுக்கு நீலம் ஏற்றியவள்

இராமலட்சுமி விதவையாகித் தென்காசிக்குத் திரும்பியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்லிடைக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷனை வைசூரி கொண்டுபோயிற்று. பிள்ளை கிடையாது. மாமியார் வீட்டில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தார்கள். அண்ணன் சங்கரபாண்டி போய்க் கேட்டதும் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவளுடைய பித்தளைக் குடத்தைக்கூட அவர்களே எடுத்து வண்டியில் வைத்தார்கள்.

அண்ணன் வீட்டில் அவளுக்கு இடம் அடுக்களை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்த மறுநாள் காலையில் மதினி பேராச்சி உலைப்பானையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். பேராச்சியைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவள். சமையலுக்கு ஒரு கை கிடைத்ததில் அவளுக்கு நிம்மதி. நாத்தனார் வைத்த குழம்பில் உப்புக் கூடினாலும் முகம் சுளிக்க மாட்டாள். இப்படியே வருஷங்கள் போயின. இராமலட்சுமிக்கு முப்பது நெருங்கியது. வெள்ளைச் சேலை, விரத நாட்கள், காசிவிசுவநாதர் கோயில், கிணற்றடி. இவற்றைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல அந்த வருஷங்களில் ஒன்றுமில்லை.

வீட்டின் முன்பாதி சங்கரபாண்டியின் கல்லச்சுக்கூடம். பீடி லேபிள், மூக்குப்பொடி லேபிள், ஜவுளிக்கடைப் படங்கள் என்று வழவழப்பான கல்லில் எழுதி அச்சடித்து விற்பது தொழில். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே ஒரு கதவு. இராமலட்சுமி அந்தக் கதவைத் தாண்டியதில்லை. கல் தேய்க்கிற சத்தமும் மை வாடையும் மட்டும் தாண்டி வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஆய்க்குடி தில்லைநாயகம் வைத்தியர் சங்கரபாண்டியைத் தேடி வந்தார். குற்றால மலையில் கிடைக்கிற மூலிகைகளைக் கலர்ப் படமாக ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

"எழுதி வச்சா யாருக்கு வெளங்குது? இலையப் பாத்தா இலையத் தெரியணும், பூவப் பாத்தா பூவத் தெரியணும். படிக்கத் தெரியாதவனும் பாத்துப் பறிச்சிட்டு வரணும். உம்மால முடியுமா, பிள்ளைவாள்?" என்று கேட்டார்.

லேபிளே அடித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டிக்கு அந்தக் கேள்வி உள்ளே எங்கேயோ போய்த் தைத்தது. முடியும் என்றான். செங்கோட்டையிலிருந்து பரீது என்கிற ஓவியனைக் கூட்டி வந்தான். பரீது கொல்லத்தில் ஒரு கல்லச்சுக்காரரிடம் தொழில் பழகியவன். வைத்தியர் செடியை வேரோடு கொண்டுவந்து தண்ணீர்ச் செம்பில் வைப்பார். பரீது அதைப் பார்த்துக் கல்லின்மேல் இடவலம் மாற்றி வரைவான். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, கோடுகளுக்குக் கறுப்பு ஒன்று. பச்சைக்கென்று தனிக் கல் கிடையாது. மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் அது பச்சை.

மறு வருஷம் மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் அச்சாகி முடிந்தன. நீலம் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில் சண்டை மூண்டது. நல்ல நீல மை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இனி வராது என்று மதராஸ் ஏஜெண்டு சொல்லிவிட்டார். உள்ளூரில் அகப்பட்ட ஒன்றிரண்டு டப்பா லேபிளுக்கே பற்றவில்லை. அச்சான தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கிக் கிடந்தன. ஆடாதோடை, தூதுவளை, நொச்சி, வல்லாரை எல்லாம் மஞ்சள் இலையோடு, வெயிலில் பட்டுப்போனவை மாதிரி. சங்குபுஷ்பத்துக்குப் பூவே இல்லை; வெள்ளைத் தாளில் கோடு மட்டும் இருந்தது. சங்கரபாண்டி சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவான்.

கழிவுத் தாள் ஒன்று காற்றில் பறந்து கொல்லைக்கு வந்தது ஒரு நாள். இராமலட்சுமி அப்போது தன் வெள்ளைச் சேலைக்குச் சலவை நீலம் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். தாள் துவைகல்லடியில் விழுந்து நீலச் சொட்டு வாங்கியது. அவள் எடுத்துக் கொடியில் காயப்போட்டாள். காய்ந்தபின் பார்த்தால், சொட்டு விழுந்த இடமெல்லாம் பச்சை.

அன்றைக்கு மத்தியானம் அண்ணனுக்கு இலை போட்டுவிட்டு, தாளைப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னது?" என்றான்.

"சேலைக்குப் போடுத நீலம், அண்ணாச்சி. மஞ்சமேல விழுந்து இப்படி ஆயிட்டு."

அவன் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போனான். சோறு ஆறிப்போயிற்று. பரீதின் குரலும் அண்ணனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. சாயங்காலம் அண்ணன் ஒரு மெல்லிய தூரிகையையும் பத்துப் பதினைந்து தாள்களையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"ஏட்டி, ஒன்னால கையால போட முடியுமான்னு பாரு."

முதலில் சங்குபுஷ்பத்தைப் போட்டாள். வெறும் தாள், நீலம் நன்றாகப் பிடித்தது. அண்ணன் சிரித்ததை அவள் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தாள். இலைக்கு வந்தபோதுதான் இடறியது. அச்சு மை எண்ணெய்ப் பசையுள்ளது. அதன்மேல் நீலத் தண்ணீர் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டது. சொட்டாக நின்று காய்ந்தால் புள்ளி புள்ளியாகத்தான் வரும், பரவாது. சோப்பு, சோற்றுக் கஞ்சி, பிசின் எல்லாம் கலந்து பார்த்தாள். ஒன்றும் சரிப்படவில்லை.

சில நாள் கழித்துச் சங்கரபாண்டி ஒரு கிண்ணத்தில் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஏதோ கொண்டுவந்தான்.

"இதக் கொஞ்சம் ஊத்திப் பாரு."

"என்னது அண்ணாச்சி?"

"பச்சிலைச் சாறு. வைத்தியர் கொடுத்தாரு."

இரண்டு துளி விட்டதும் நீலம் அடங்கிப் படிந்தது. இலை நுனிவரை ஓடிக் கோட்டுக்குள்ளேயே நின்றது. தூரிகை நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்து ஈரப்படுத்திக்கொள்வாள். சாறு கடும் கசப்பு. மூலிகைதானே, கசக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவளுக்குப் பகலில் இரண்டு வேலை. அடுக்களையை ஒழித்துவிட்டுக் கதவோரம் உட்காருவாள். கதவுக்கு அந்தப் பக்கம் பரீது இருப்பான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் பேச்சு உண்டு.

"தாயி, நொச்சிக்கு அடிப்பக்கம் வெளுப்பா இருக்கும். அங்கன நீலத்தக் கொறச்சிப் போடுங்க" என்பான்.

"வல்லாரைக்கு?"

"அது நல்ல பச்சை. தண்ணிக்கரையில நிக்கித செடில்லா."

வாடிப்போய்ச் செம்பில் நின்ற செடிகளைத்தான் அவள் கண்டிருந்தாள், அதுவும் கதவிடுக்கு வழியாக. மறு வருஷம் ஆடி அமாவாசைக்குப் பேராச்சியோடும் பக்கத்து வீட்டுப் பெண்களோடும் வண்டி கட்டிக் குற்றாலத்துக்குப் போனாள். இலஞ்சி தாண்டினதும் சாரல் முகத்தில் விழுந்தது. பாதையோரத்தில் ஆடாதோடைப் புதர் ஆளுயரத்துக்கு நின்றது. குளித்துவிட்டுத் திரும்பும்போது மாட்டுக்கு லாடம் கழன்று வண்டி நின்றது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் இறங்கிப் போய் அந்தப் புதர் முன்னால் நின்றாள். கொழுந்து ஒரு பச்சை, நடு இலை ஒரு பச்சை, அடியில் முற்றினது வேறு. ஈரம் பட்ட இடத்தில் ஒன்று, வெயில் பட்ட இடத்தில் ஒன்று. ஒரே செடியில் இத்தனையா என்று இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி அங்கன பண்ணுத? அட்டை கடிச்சிரும், வா" என்று பேராச்சி கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

மறுநாள் அவள் போட்ட ஆடாதோடைத் தாளைச் சங்கரபாண்டி பரீதிடம் காட்டினான். நீலத்தைக் கொழுந்துக்கு மெலிதாகவும் முற்றலுக்கு இரண்டு தரமும் ஏற்றியிருந்தாள். பரீது தாளை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் கல்லுல வரஞ்சிருந்தா ஒரே நீலமாத்தான் விழுந்திருக்கும், முதலாளி" என்றான் கடைசியில். கதவுக்குப் பின்னால் அவள் அதைக் கேட்டாள். அன்றைக்கு ரசத்தில் புளி கரைத்து ஊற்ற மறந்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு நாள் சங்கரபாண்டி சிவகாசிக்குப் போயிருந்தான். கறிக்கடை பீர் மைதீன் வாசலில் வந்து நின்றார். மரியாதையான மனிதர். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, வாழை இலையில் சுற்றிய ஒன்றைத் தரையில் வைத்தார்.

"பிள்ளைவாள் கேட்டிருந்தாவ. நாளைக்கு நான் கடை போடல, அதான் நானே கொண்டாந்தேன். ஆட்டுப் பித்து" என்றார்.

பேராச்சிக்கு முதலில் விளங்கவில்லை. சைவ வீட்டு வாசலில் கறிக்கடைக்காரர் எதற்கு வந்து நிற்கிறார் என்றுதான் பார்த்தாள். பிறகு இலை விலகித் தெரிந்த பித்தப்பையையும் அதிலிருந்து கசிந்த பச்சை மஞ்சளையும் கண்டாள்; கிண்ணத்துச் சாறு எதுவென்று விளங்கியது. அவர் போனபின் அந்தப் பொட்டலத்தை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டே போய்த் தெருவோரம் விட்டாள். கிணற்றடிக்கு வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையோடு இராமலட்சுமியிடம் போனாள்.

"நீ நெதமும் வாயில வச்சியே, அது பச்சிலை இல்ல. ஆட்டுப் பித்து. அவுகளே வாங்கிக் கொடுத்திருக்காக."

இராமலட்சுமி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள். எடுக்க ஒன்றும் இல்லாத வரைக்கும் எடுத்தாள். சாம்பலால் வாயைத் தேய்த்தாள். பிறகு வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

"பரீது அண்ணாச்சி."

"சொல்லுங்க, தாயி." அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். கொல்லத்துல எங்க ஆசான் அதத்தான் ஊத்துவாரு. நாந்தான் முதலாளிகிட்டச் சொன்னேன். ஒங்களுக்கு வெளக்கிச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"வேற எதுலயும் ஒட்டாதா?"

"மாட்டுப் பித்துலயும் ஒட்டும். வேற எனக்குத் தெரியாது."

முன்னால் சிறுகுறிஞ்சான் தாள் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாகக் கிடந்தது. கிண்ணத்தில் பழைய மிச்சம் இருந்தது. மீதி இலைகளையும் போட்டு முடித்தாள். தூரிகையை வாயில் மட்டும் வைக்கவில்லை.

சங்கரபாண்டி திரும்பி வந்தபோது வீட்டில் விஷயம் தீர்ந்திருந்தது. இராமலட்சுமி இனி அடுக்களைக்குள் வரக்கூடாது, பூஜை அறைப் பக்கம் போகக்கூடாது என்று பேராச்சி சொல்லிவிட்டாள். கொல்லைப்புறச் சாய்ப்பில் அவளுக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு. சங்கரபாண்டி அதை மாற்றவில்லை. தங்கையிடம் ஒரே ஒரு தரம் வந்தான்.

"சொன்னா நீ செய்யமாட்டேன்னு நெனச்சேன், ஏட்டி."

"செஞ்சிருக்க மாட்டேன்தான்" என்றாள் அவள். "இப்பம் செய்யுதேன்."

உண்மையைச் சொன்னால், அதற்குப் பின் வந்த ஐந்தாறு மாதந்தான் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த காலம். உலை இல்லை, அரைப்பு இல்லை. வெளிச்சம் இருக்கும்வரை தாள்தான். ஒவ்வொரு தாளையும் காயவைத்துத் தூக்கிப் பார்ப்பாள். மஞ்சளாகக் கிடந்தது உயிர் வந்து நிற்கும். பேராச்சி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவதுகூட அவளுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் புத்தகம் கட்டு முடிந்தது. தில்லைநாயகம் வைத்தியர் முதல் பிரதியை ஆய்க்குடி முருகன் சன்னிதியில் வைத்து எடுத்தார். சீசன் தொடங்கியதும் பாக்கிப் பிரதிகளைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவிக்கரைக் கடையொன்றில் அடுக்கினார். வெளியூரிலிருந்து குளிக்க வந்தவர்கள் வாங்கினார்கள். இலையும் பூவும் கண்ணைப் பறிக்கிறது என்று ஒரு வக்கீல் சொன்னாராம். சங்கரபாண்டி அதை வந்து சொன்னபோது இராமலட்சுமி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் சாரல் நின்றபாடில்லை. ஆனி முழுக்க வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஈரக்கையோடு புரட்டியவர்களுக்குக் கையில் நீலம் ஒட்டியது. அது சின்ன விஷயம். கடையில் அடுக்கியிருந்த புத்தகங்களில் ஒரு வாடை கிளம்பியது. திறந்து பார்த்தால் பூஞ்சை. தாள் முழுக்க இல்லை. வேர் சுத்தமாக இருந்தது, பூ சுத்தமாக இருந்தது. அவள் நீலம் ஏற்றிய இலைகளின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. துடைத்தால் பச்சையும் சேர்ந்து வந்தது. கீழே பழைய மஞ்சள்.

வைத்தியர் ஒரு பிரதியை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சங்கரபாண்டி முன்னால் அதைப் பிரித்து வைத்தார். கோபமாகப் பேசவில்லை.

"இது என்ன வாடை?"

"சாரலுக்குத் தாள் ஊறியிருக்கும்..."

"நான் வைத்தியன். பித்து வாடை எனக்குத் தெரியாதா, சங்கரபாண்டி?"

சங்கரபாண்டி தலையைக் குனிந்தான்.

"ஆட்டுப் பித்தா, மாட்டுப் பித்தா?"

"ஆடு."

"இத நான் முருகன் முன்னால வச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார் வைத்தியர். பூஞ்சை படராத ஓர் இலையைக் குனிந்து பார்த்தார். "யாரு நீலம் போட்டது?"

"எந்தங்கச்சி."

"நல்ல கை" என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா நிறைவாகச் சொன்னாரா என்று கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரியவில்லை. அவர் புத்தகத்தைத் தொடாமல் எழுந்து போனார். பிறகு அந்த வீட்டுக்கு வரவேயில்லை.

கடையிலிருந்த பிரதிகள் எல்லாம் மூட்டையாகத் திரும்பி வந்தன. வாங்கியவர்களில் சிலரும் திருப்பி அனுப்பினார்கள். விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது. லேபிள் கொடுத்துவந்த சைவக் கடைக்காரர்கள் இரண்டு பேர் விலகிப் போனார்கள். பரீது வேலை இல்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டுப் புனலூர்ப் பக்கம் போய்விட்டான். போகும்போது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி, "வருதேன், தாயி" என்றான். அவள் "ம்" என்றாள். பதில் அவனுக்குக் கேட்டிருக்காது.

மூட்டைகளை என்ன செய்வது என்று வந்தபோது பேராச்சி சொன்னாள்: "இது இருக்க வீட்டுல எனக்குச் சோறு எறங்காது. வெந்நீர் அடுப்புல போட்டிரு, ராமலெச்சுமி. ஒன் கை பட்டதுதான், நீயே போடு."

அவள் போட்டாள். ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. தினமும் காலையில் வெந்நீர்க் கொப்பரைக்குக் கீழே தாள்களைக் கிழித்துச் செருகுவாள். தூதுவளை, நன்னாரி, கீழாநெல்லி. ஈரத் தாள், எளிதில் பற்றாது, புகையும். வீட்டில் எல்லாரும் அந்த வெந்நீரில் குளித்தார்கள். அதில் யாருக்கும் தீட்டுத் தெரியவில்லை. தனக்கென்று ஒரு தாளைக்கூட அவள் எடுத்து வைக்கவில்லை. ஆவணி பாதியில் மூட்டைகள் தீர்ந்தன.

அதற்கப்புறம் அவளுக்கு நாள் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. தாளும் இல்லை, அடுக்களையும் இல்லை. சங்கரபாண்டி அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய் அருவியில் குளிக்கவைத்து, குற்றாலநாதர் கோயிலில் பரிகாரம் செய்தான். திரும்பி வந்து பேராச்சியிடம் சொன்னான். ஆனால் சாயங்காலம் தட்டு சாய்ப்புக்குத்தான் வந்தது.

"லேபிளுக்காவது நீலம் போடட்டுமா, அண்ணாச்சி?" என்று ஒரு தரம் கேட்டாள்.

"லேபிளுக்கு யாரு கையால போடுவா" என்றான் அவன். பிறகு, "லேபிளே இல்ல, ஏட்டி" என்றான்.

தாள் தட்டுப்பாடு வந்தது. நாற்பத்திரண்டில் மெஷினும் கற்களும் சிவகாசிக்காரர் ஒருவருக்குப் போயின. பரீதின் கோடுகள் இன்னும் அழியாமல் சில கற்கள் இருந்தன. வாங்கியவர் அங்கேயே ஆளை வைத்து மணல் போட்டுத் தேய்த்து வெறுங்கல்லாக்கி வண்டியில் ஏற்றினார். முன்பாதி வாடகைக்குப் போயிற்று. தானியக்கடைக்காரர் ஒருவர் மூட்டை அடுக்கினார். நடுக்கதவை ஆணி அடித்து மூடினார்கள்.

அடுத்த வருஷம் கீழப்பாவூரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். கழுவிப் புரட்டிப் போட ஆள் வேண்டியிருந்தது. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூரில் இருந்தார்கள். இராமலட்சுமியை அனுப்பிவைத்தார்கள். அங்கேயும் சமையல் வேறொருத்தி செய்தாள். தென்காசிச் செய்தி அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. அவள் அவரைக் குளிப்பாட்டினாள், புண்ணுக்கு எண்ணெய் போட்டாள். அவருக்குப் பேச்சு வராது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பகலைக் கழித்தார்கள்.

சங்கரபாண்டி ஒரு தரம் பார்க்க வந்தான். ஆள் மெலிந்து, முன்பல் விழுந்து, தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்கு வந்திருதியா? பேராச்சிகிட்ட நான் சொல்லுதேன்."

"அங்கன வந்து என்ன செய்ய, அண்ணாச்சி?"

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான்.

நாற்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் அந்தப் பக்கமெல்லாம் குளிர்க்காய்ச்சல். அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை பட்டாளத்துக்குப் போனது போக ஊருக்கு வந்தது கொஞ்சம். அது அவள்வரை வரவில்லை. படுத்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

தென்காசிக்கு ஆள் போய்ச் சொன்னான். சங்கரபாண்டி ஏறிய, பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ் பாவூர்சத்திரம் வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றது. இறங்கி மீதி வழியை நடந்தே வந்தான். வந்தபோது எடுத்து முடிந்திருந்தது. மயானத்துக்குப் போனவர்கள் திரும்பித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு வாளியைக் காட்டினார்கள். கிணற்றில் இறைத்துக் குளித்தான். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டான். இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான்.